அப்பா மேல் அம்மா எறிந்த கல்

நம் வயசுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எப்படியும் காதில் வந்து நிற்கிறது. யாருக்கு மிஷின் வைத்தார்கள், யாருக்கு எந்தப் பக்கத்துக் காது, மருமகள் பேசினால் மட்டும் யாருக்குக் கேட்பதில்லை என்று சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறோம். நானும் சிரிப்பேன். ஆனால் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டு அவர் திரும்பாமல் இருந்துவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. மறுபடி கூப்பிடாமல் எழுந்து போய் அவர் தோளைத் தொட்டுவிடுவேன். பயந்தாங்கொள்ளி என்று நீங்கள் கேலி செய்வது தெரியும். செய்யுங்கள். என் பயம் எங்கே முளைத்தது என்று இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாம் உலக யுத்தம் நடந்த சண்டைக் காலம். எனக்கு எட்டு வயசு இருக்கும். திண்டிவனத்துக்கும் மயிலத்துக்கும் நடுவில், தண்டவாளத்தை ஒட்டினாற்போல ரயில்வே கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளில் ஒன்று எங்களுடையது. ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் ஒரு குடும்பம். நாங்கள் மிளகாய் தாளித்தால் அவர்கள் தும்முவார்கள். பாதை வேலை பார்க்கும் கேங்கு ஆட்கள் எல்லாரும் அங்கேதான் பெண்டு பிள்ளைகளோடு இருந்தார்கள். அப்பா கீமேன். தினமும் காலையில் தோளில் நீளக் காம்பு சுத்தியலைப் போட்டுக்கொண்டு, தனக்கென்று விட்டிருந்த தூரம் முழுக்கத் தண்டவாளத்தின் நடுவிலேயே நடந்து, தளர்ந்துபோன ஆப்புகளைத் தட்டி இறுக்கிவிட்டு வருவது அவர் வேலை. சுவருக்கு அந்தப் பக்கம் கேங்குக்குத் தலைவரான மேஸ்திரியின் வீடு. மேஸ்திரியின் பெண்சாதியை நான் பெரியம்மா என்பேன். சொந்தம் ஒன்றும் இல்லை. அம்மாவைவிட வயசில் மூத்தவள், வாயில் அதைவிட மூத்தவள்.

அந்த வீடு எங்களுக்கு என்னவென்று முதலில் சொல்ல வேண்டும். அப்பா வல்லம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பண்ணையாளாக இருந்தவர். அவருடைய அப்பாவும் அதே பண்ணையில்தான். அடுத்தவர் காட்டில் மல்லாட்டைக் கடலை பிடுங்கி, அடுத்தவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, அடுத்தவர் வாசலில் நின்று கூழ் வாங்கிக் குடித்த குடும்பம். ரயில்வே வேலை கிடைத்துத்தான் அதிலிருந்து வெளியே வந்தோம். கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிற வீட்டில் அம்மா தூங்கியது இங்கே வந்த பிறகுதானாம். வேலை போனால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். வீடு போனால் மறுபடியும் அந்தப் பண்ணை வாசலில் போய் நிற்க வேண்டும். அம்மாவுக்கு இருந்தது இந்த ஒரே பயம்தான்.

அந்த வருஷம் மழைக்குப் பிறகு அப்பாவுக்கு விட்டு விட்டுக் குளிர்க் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் மலேரியாவுக்கான கொய்னா மருந்து கொடுத்தார்கள். கசப்பு தாங்காமல் அவர் முகம் சுளிப்பதைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். காய்ச்சல் போயிற்று. போகும்போது காதையும் கொண்டு போயிற்று. முதலில் உய்யென்று இரைச்சல், பிறகு அதுவும் இல்லை. கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று அம்மா காத்திருந்தாள். ஆகவில்லை.

இதை நான் உங்களுக்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். எனக்கு அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் மட்டும் தெரியும். மேஸ்திரிக்குத் தெரியாது, கேங்குக்குத் தெரியாது. காது கேட்காத ஆளைத் தண்டவாளத்தில் நடக்க விடமாட்டார்கள், வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று ரெண்டு பேருமே முடிவு கட்டிவிட்டார்கள். மேஸ்திரி அப்படி ஒன்றும் கல்நெஞ்சக்காரர் இல்லை. போய்ச் சொல்லியிருந்தால் அவரே ஏதாவது வழி பண்ணியிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு அதையெல்லாம் யோசிக்க அவர்களுக்குத் தைரியம் ஏது?

அமைதியான காலமாக இருந்திருந்தால்கூட அப்பா சமாளித்திருப்பார். எந்த வண்டி எப்போது வரும் என்று வெயிலைப் பார்த்தே சொல்லுவார். ஆனால் சண்டை வந்த பிறகு பட்டாளத்து ஸ்பெஷல்களும் கூட்ஸும் கணக்கில்லாமல் ஓடின. எப்போது வரும், எந்தப் பக்கமிருந்து வரும் என்று ஸ்டேஷன் மாஸ்டருக்கே கடைசி நேரத்தில்தான் தெரியும் என்பார்கள். இருந்ததோ ஒற்றைப் பாதை. எதிரில் வருகிற வண்டியைக் கண் பார்த்துக்கொள்ளும். முதுகுக்குப் பின்னால் வருகிற வண்டிக்குத்தான் காது வேண்டும்.

அதனால் அம்மா பின்னால் நடக்க ஆரம்பித்தாள். தலையில் கூடை, கூடையில் கேப்பைக்கூழ்ச் சட்டி, புருஷனுக்குச் சோறு கொண்டு போகிறவள் மாதிரி. தண்டவாளத்துக்கு ஓரமாக, கொஞ்சம் தள்ளி. பின்னால் வண்டி வருவது கேட்டால் கீழே கிடக்கிற ஜல்லியில் ஒன்றை எடுத்து அப்பாவின் முதுகில் எறிவாள். அவர் இறங்கி நின்றுகொள்வார். கத்தி என்ன பிரயோஜனம்? ஓடிப் போய் இழுக்க நேரம் இருக்காது. எறிந்து எறிந்து அவளுக்குக் கை நன்றாகப் பழகியிருந்தது.

நான் முதன்முதலில் பார்த்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆட்டுக்குக் கருவேலங்காய் பொறுக்கப் போயிருந்தேன். மரத்துக்கு இந்தப் பக்கம் நான், தண்டவாள மேட்டில் அம்மா. குனிந்தாள், எடுத்தாள், வீசினாள். கல் அப்பாவின் தோள்பட்டையில் போய் விழுந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் சரிவில் இறங்கினார். ஒரு சண்டை இல்லை, ஒரு வசவு இல்லை. பின்னாலேயே கூட்ஸ் வண்டி வந்து ரெண்டு பேரையும் மறைத்துவிட்டது. வண்டி தினமும் வருவதுதான், அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அம்மா அப்பாவைக் கல்லால் அடித்தாள். அது மட்டும்தான் என் மனசில் நின்றது. பொறுக்கிய காயையெல்லாம் அங்கேயே கொட்டிவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

அதற்குப் பிறகு வீட்டில் நான் பார்த்ததெல்லாம் என் பயத்துக்குச் சாட்சி சொன்னது. முன்னெல்லாம் சாப்பிடும்போது இருவரும் வாய் ஓயாமல் பேசுவார்கள். இப்போது அம்மா பேசுவதே இல்லை. தட்டைக் காட்டுவாள், கையை ஆட்டுவாள், முறைப்பாள். அப்பா பேசினால் கத்தல்தான்.

"கூழ் ஊத்து!" என்பார், அடுத்த ஊருக்குச் சொல்வதுபோல.

நான் பின்னாலிருந்து "அப்பா" என்று கூப்பிட்டால் திரும்ப மாட்டார். ரெண்டு மூன்று தடவை கூப்பிட்டுப் பார்த்து, பிறகு கூப்பிடுவதையே விட்டுவிட்டேன். என்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன்.

மிச்சத்தைக் கிணற்றடியில் பெரியம்மா சொல்லிக்கொடுத்தாள். நான் குடத்தை வைத்துக்கொண்டு நிற்க, அவள் கயிற்றை இழுத்துக்கொண்டே பேசினாள்.

"உங்கம்மா கல்லால அடிக்கிறதுல இன்னாடி தப்பு? கட்டிக்கினவ பாத்துக்கினு கம்முனு கெடப்பாளா? பேரணிப் பக்கம் எவளையோ புடிச்சி வெச்சிக்கினு கீறான் உங்கப்பன். அந்தப் பக்கம் போவச்சொல்ல தலைய வாரிக்கினு போறான், நீ பாத்ததில்ல?"

பேரணி மயிலத்துக்குத் தெற்கே அடுத்த ஊர். தலை வாரியதை நான் பார்த்திருந்தேன். எந்தப் பக்கம் போனாலும் அவர் தலை வாரிக்கொண்டுதான் போவார் என்று அப்போது தோன்றவில்லை.

"அப்பா எங்கள உட்டுட்டுப் போயிடுமா பெரிம்மா?" என்று கேட்டேன்.

"போவ உட்டுடுவமா? உங்க பெரிப்பாவாண்ட சொல்லிக் கீறேன். கேங்குல வெச்சிக் கேக்கச் சொல்லிக் கீறேன். நீ தண்ணிய எடுத்துக்கினு ஜல்தி போ."

அன்றிலிருந்து காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் கொடியைப் பார்ப்பேன். அப்பாவின் இன்னொரு சட்டை தொங்குகிறதா? சிவப்புக் கண்ணாடியும் பச்சைக் கண்ணாடியும் வைத்த கைவிளக்கு ஆணியில் இருக்கிறதா? இருந்தால் இன்றைக்குப் போகவில்லை. அந்த விளக்கு பிறகு எங்கே போயிற்றென்று தெரியாது, ஆனால் அதன் மண்ணெண்ணெய் வாடையை இப்போதும் என்னால் நினைத்த உடனே முகர முடியும்.

இந்தச் சமயத்தில்தான் கட்டை மாற்றும் உத்தரவு வந்தது. உங்களுக்குக் கட்டை என்றால் தெரியும். இன்றைய பிள்ளைகளுக்கு அது சிமெண்டு. நமக்கு மரம். தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே குறுக்கே படுத்திருக்கும் கறுத்த மரம், வெயிலில் தார் வடியும், காலில் ஒட்டினால் தேங்காய் எண்ணெய் போட்டால்தான் போகும். இப்போது அதை மாற்ற ஒரு வண்டியே வருகிறது. பேரன் போனில் காட்டினான். அதுவே தண்டவாளத்தைத் தூக்குகிறது, பழசை உருவுகிறது, புதுசைச் சொருகுகிறது, ஜல்லியை இடித்துக் கெட்டிப்படுத்திவிட்டு நகர்ந்து போகிறது. உள்ளே ஒரு பையன் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். அவனும் காதை அடைத்துத்தான் வைத்திருந்தான்! அவன் வீட்டில் யாரும் அதற்காகப் பயப்பட மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு எல்லாம் கைவேலை. விழுப்புரத்திலிருந்து தனியாக ஆட்கள் வருவார்கள். அவர்கள் வருவதற்கு முன்னால் எந்தக் கட்டை போக வேண்டும், எது இருக்கலாம் என்று கீமேன் பார்த்துச் சுண்ணாம்பு அடையாளம் வைக்க வேண்டும். மேலே பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். கரையான் அடியில் தின்றிருக்கும். சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் நல்ல கட்டை கணீரென்னும், கெட்டுப்போனது பொத்தென்னும். சண்டைக்கு மரம் போய்க்கொண்டிருந்ததால் புதுக்கட்டைக்குப் பஞ்சம். நல்ல கட்டையில் ஒன்றுக்குக்கூட அடையாளம் வைக்கக்கூடாது என்று பாதையை மேற்பார்வை செய்யும் ரயில்வே இன்ஸ்பெக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். கெட்டதை விட்டுவிட்டாலோ, அதன் மேல் வண்டி போக வேண்டும்.

அப்பா தட்டினார். அம்மா கேட்டாள். பொத்தென்ற சத்தம் வந்தால் சின்னக் கல்லாகப் பார்த்து அப்பாவின் குதிகாலில் போடுவாள். அவர் சுண்ணாம்பு டப்பாவில் துணியை முக்கி ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த கட்டைக்குப் போவார். பெரிய கல் முதுகில் விழுந்தால் வண்டி, சின்னக் கல் காலில் விழுந்தால் கட்டை. அந்தப் பாதையில் போன அத்தனை பட்டாளமும் எங்கள் அம்மாவின் காதை நம்பித்தான் போயிற்று. அவளுக்கு இது விளையாட்டாக இல்லை. இருட்டுவதற்குள் வந்து படுத்துவிடுவாள். ஒரு கட்டையை நினைத்துக்கொண்டு, "சரியாத்தான் கேட்டனா" என்று தனக்குத்தானே முனகுவாள்.

பார்க்கிறவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள். முன்னெல்லாம் நாளுக்கு ஒரு கல், ரெண்டு கல். இப்போது பொழுதெல்லாம் கல். பெண்டாட்டி விடாமல் அடிக்கிறாள், புருஷன் வாய் திறக்காமல் வாங்கிக்கொள்கிறான். குற்றவாளி இல்லையென்றால் ஒருத்தன் இப்படி அடி வாங்குவானா? கேங்கு முழுக்கச் சிரித்தது. மேஸ்திரிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. இன்ஸ்பெக்டர் வரும்போது இது கண்ணில் பட்டால் அவருக்கல்லவா கேள்வி?

ஒரு சாயங்காலம் மேஸ்திரி சாமான் கொட்டகை பக்கத்தில் இருந்த புங்க மரத்தடியில் எல்லாரையும் கூட்டினார். ஆண்கள் உட்கார்ந்தார்கள், பெண்கள் ஓரமாக நின்றார்கள். நான் அம்மாவின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்பா தலையைக் குனிந்து ஒரு குச்சியால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தார். கட்டை வேலை விஷயமாகக் கூட்டம் என்று நினைத்து வந்திருக்கிறார், பாவம்.

"ஏம்பா," என்றார் மேஸ்திரி. "நீ நல்ல வேலைக்காரன். உன்ன ஒரு வார்த்த நான் சொன்னதில்ல. ஆனா லைன்ல பொம்பள கல்லெறிஞ்சிக்கினு வர்றான்னா நாளைக்கு ஐயா என்னத்தான் கேப்பாரு. இன்னா விஷயம்? பேரணியில எவளாச்சும் வெச்சிக்கினு கீறியா?"

அப்பா மண்ணைக் கீறினார்.

"சொல்லு. நாங்க வேத்து ஆளா? அப்பிடி ஒண்ணு கீதா, இல்லியா?"

குச்சி நிற்கவில்லை. யாரோ ஒருத்தர் கனைத்தார். மேஸ்திரிக்குக் கோபம் ஏறிவிட்டது.

"நான் பாட்டுக்குக் கேட்டுக்கினே கீறேன்! காதுல உழுதா இல்லியா உனக்கு?"

அம்மாவின் உடம்பு ஒரு தடவை தூக்கிப்போட்டது. புடவையைப் பிடித்திருந்த என் கைக்கு அது தெரிந்தது. என் கையை உதறிவிட்டு முன்னால் போனாள்.

"உழுதுண்ணா. நல்லா உழுது. பதில் சொல்ல அந்த ஆளுக்கு வாய் வரல. நீங்க கேட்டது நெசந்தான்."

பெரியம்மா கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள், நான் சொன்னேனே என்பதுபோல.

"யாரு, எவருன்னு மட்டும் யாரும் என்னைக் கேக்கக்கூடாது," என்றாள் அம்மா. "இன்னொரு பொம்பள பேர என் வாயால நான் கெடுக்க மாட்டேன். இந்தாளு பின்னால நான் போறேன், வர்றேன். அத மட்டும் தடுக்காதீங்க. நான் போவலன்னா இவரு எனக்கு இல்லாம பூடுவாரு."

கடைசியாகச் சொன்னது முழுக்க முழுக்க நிஜம். யாருக்கும் அது தெரியவில்லை. பெரியம்மா மூக்கைச் சிந்தினாள். மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டார்.

"சரி, போம்மா. ஆனா சின்னக் கல்லா பாத்து எடு," என்றார்.

எல்லாரும் எழுந்ததைப் பார்த்து அப்பாவும் எழுந்தார். மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு தாங்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் போய் ஆட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

விழுப்புரத்து ஆட்கள் வந்தார்கள். மயிலம் ஸ்டேஷனில் பழைய ரயில் பெட்டி ஒன்றில் தங்கிக்கொண்டு காலையில் இங்கே வருவார்கள். ரெண்டு வண்டிக்கு நடுவில் கிடைக்கும் இடைவெளியில்தான் வேலை. ரெண்டு பக்கமும் தூரத்தில் சிவப்புக்கொடியோடு ஆள் நிற்பான். மண்வெட்டியால் ஜல்லியை இழுத்துத் தள்ளுவார்கள், கடப்பாரையால் ஆணியைக் கெல்லுவார்கள், கயிறு போட்டுப் பழைய கட்டையை வெளியே இழுப்பார்கள். புதுசை உள்ளே தள்ளி ஆணி அறைந்த பிறகு நாலு பேர் எதிரும் புதிருமாக நின்று ஜல்லியை இடிப்பார்கள். ஒருத்தன் பாட்டெடுப்பான், மற்றவர்கள் அடியோடு சேர்ந்து முடிப்பார்கள். பாட்டில் மேஸ்திரியின் மீசையும் இன்ஸ்பெக்டரின் தொப்பியும் வரும். இன்ஸ்பெக்டர் கிட்டே வந்ததும் பாட்டில் சாமி வந்துவிடும்.

பழைய கட்டையின் சிராய்களை அடுப்புக்கு எடுத்துக்கொள்ள விடுவார்கள் என்பதால் பெண்களும் பிள்ளைகளும் வேலை நடக்கிற இடத்துக்கே வந்துவிட்டோம். எல்லாரும் சிராய் பார்த்தார்கள். அம்மா கட்டையை மட்டும் பார்த்தாள். சுண்ணாம்புக் கோடு போட்ட முதல் கட்டையை இழுத்துப் புரட்டினார்கள். அடிப்பக்கம் முழுக்கக் கரையான் புற்று, கடப்பாரை பட்டதும் பொலபொலவென்று கொட்டியது. அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு மெதுவாக மூச்சை விட்டாள். அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்து, அப்பா பக்கம் தலையை ஆட்டினார். அப்பாவும் பதிலுக்குத் தலையை ஆட்டினார். தலையாட்டுகிற வரைக்கும் அவருக்குக் கஷ்டமே இல்லை.

மத்தியானத்துக்கு மேல் இன்ஸ்பெக்டர் தன் டிராலியில் ஏறித் தெற்கே மற்ற இடங்களைப் பார்க்கப் போனார். நாலு சக்கரத்தில் ஒரு பலகை, அதன் மேல் நாற்காலியும் குடையும். பின்னால் ரெண்டு பேர் தண்டவாளத்தின் மேலேயே ஓடித் தள்ளுவார்கள், வேகம் பிடித்ததும் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். ரயிலாவது பூமியை அதிரவைக்கும். டிராலியில் அந்த அதிர்வும் இருக்காது.

அப்பா தெற்கே ஓரிடத்தில் ஆப்பு பார்த்துவிட்டு எங்களை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தார். பாதையை மறித்து வேலை நடப்பதால் வண்டி வராது என்று அம்மா அவர் பின்னால் போயிருக்கவில்லை. தண்டவாளத்தின் நடுவில், தலையைக் குனிந்து, ஒவ்வொரு கட்டையாகப் பார்த்துக்கொண்டு. அவருக்குப் பின்னால் சரிவில் டிராலி இறங்கித் திரும்பி வந்தது. டிராலிக்காரன் விசில் அடித்தான். "ஓய்! ஓய்!" என்று கத்தினான். வேலை ஆட்களும் கத்தினார்கள். நானும் கத்தினேன். அப்பா வந்துகொண்டே இருந்தார்.

அம்மா கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். அவள் ஓடி நான் பார்த்ததில்லை. ஓடிக்கொண்டே குனிந்து எடுத்து எறிந்தாள். முதல் கல் தவறியது. ரெண்டாவது கல் நெஞ்சில் விழுந்தது. அப்பா நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தார், அந்த க்ஷணமே சரிவில் பாய்ந்தார். டிராலி கிறீச்சிட்டுக்கொண்டு அவர் நின்ற இடத்தைத் தாண்டிப் போய் நின்றது. குடை மட்டும் எகிறிப் பள்ளத்தில் விழுந்தது.

இன்ஸ்பெக்டர் இறங்கினார். முகமெல்லாம் ரத்தம் ஏறியிருந்தது.

"என்னய்யா, காது செவிடா உனக்கு?" என்று கத்தினார்.

அம்மா கையில் இன்னொரு கல்லோடு அப்படியே நின்றாள். இவ்வளவு நாள் மறைத்ததை அவர் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். அப்பா எல்லார் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கடைசியில் மேஸ்திரி ஓடி வந்து கும்பிட்டார்.

"ஐயா, காதெல்லாம் நல்லாத்தான் கேக்குதுங்க. நெனப்புதாங்க வேற எடத்துல. பேரணியில ஒரு..." என்று இழுத்துவிட்டு, கையை வாயில் வைத்துக்கொண்டார். "அதான் ஐயா, இந்தம்மா கல்லால அடிச்சிக்கினு கூடவே சுத்துது. பெரிய பேஜாருங்க."

விழுப்புரத்து ஆட்கள்தான் முதலில் சிரித்தார்கள். சிரிப்பு ஒவ்வொருத்தராகத் தொற்றி டிராலிக்காரனுக்கும் வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் அப்பாவைப் பார்த்தார், அம்மாவின் கையிலிருந்த கல்லைப் பார்த்தார். அவராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"நல்லா அடிம்மா, குறி மட்டும் தப்பாம பாத்துக்க," என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துவரச் சொன்னார்.

எல்லாரும் சிரிக்கிறார்களே என்று அப்பாவும் சிரித்தார். அதைப் பார்த்து அவர்கள் இன்னும் சிரித்தார்கள்.

அன்று விளக்கு வைத்த பிறகு அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, நெஞ்சில் கன்றியிருந்த இடத்தைத் தடவிக்கொண்டே அம்மாவைக் கேட்டார். அவருக்கு அது மெதுவான குரல்.

"எதுக்கு அல்லாரும் என்னைப் பாத்து சிரிச்சானுங்க? ஐயா இன்னா சொன்னாரு?"

அம்மா சுவரைக் காட்டி உதட்டில் விரல் வைத்தாள். எப்படிச் சொல்வது? திடீரென்று புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். இல்லாத பூவை எடுத்துக் கொண்டையில் வைத்தாள். இல்லாத கண்ணாடியில் பொட்டு வைத்துக்கொண்டாள். இடுப்பை ஒடித்து ஒடித்து அந்தச் சின்ன வீட்டுக்குள் ரெண்டு நடை நடந்தாள். அப்புறம் தெற்குப் பக்கம் பேரணி இருக்கும் திசையைக் காட்டி, அப்பாவின் நெஞ்சைக் காட்டி, ரெண்டு ஆள்காட்டி விரலையும் ஒன்றாகச் சேர்த்துக் காட்டினாள். சுவருக்கு அந்தப் பக்கம் கையை நீட்டி, ஊர் முழுக்க என்று ஒரு வட்டம் போட்டாள். கடைசியில் தன் நெஞ்சைத் தொட்டு, வாயிலிருந்து வார்த்தை வருவது மாதிரிக் காட்டினாள். நான்தான் சொன்னேன் என்று அர்த்தம்.

அப்பா வாயைப் பிளந்துகொண்டு பார்த்திருந்தார். புரிய ஆரம்பித்ததும் அவர் தோள் குலுங்கியது. சிரிப்பு வந்து, கண்ணில் தண்ணீர் வந்து, வீடே அதிர்கிற மாதிரிக் கேட்டார்:

"உன்ன விட அழகா கீறாளா?"

அம்மா பாய்ந்து அவர் வாயைப் பொத்தினாள். சுவருக்கு அந்தப் பக்கம் பெரியம்மா காறித் துப்புவது எங்களுக்குக் கேட்டது. எங்களுக்கு என்றால் எனக்கும் அம்மாவுக்கும். அப்பா அது தெரியாமல் அம்மாவின் கைக்குள் சிரித்துக்கொண்டே இருந்தார். மூலையில் சுருண்டு கிடந்த எனக்கு அப்போதுதான் விளங்கியது. என்னைப் பிடிக்காமல் திரும்பாமல் இருக்கவில்லை அப்பா. அவருக்கு நான் கூப்பிட்டதே கேட்கவில்லை. அம்மாவின் கல்லும் அதற்குத்தான். போர்வைக்குள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன் என்று நினைக்கிறேன்.

அந்தச் சந்தோஷம் விடியும்வரைக்கும்தான். அதற்கு முன்னால் அப்பா எங்களை விட்டுப் போய்விடுவாரோ என்று பயந்தேன். இனிமேல் காலையில் போகிற அப்பா சாயங்காலம் வருவாரோ என்று பயந்தேன். தூரத்தில் எஞ்சின் கூவினால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவேன். இன்னதென்று யாரிடமும் சொல்ல முடியாது. அம்மாவுக்குக்கூட நான் தெரிந்துகொண்டதைச் சொல்லவில்லை.

கட்டை வேலை முடிந்தது. ஆட்கள் விழுப்புரம் திரும்பினார்கள். அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. பெரியம்மா மேஸ்திரியை விடவில்லை. பேரணிப் பக்கமே இந்த ஆள் போகக்கூடாது, போனால் ஒரு குடும்பம் கெட்டுப்போகும் என்று நச்சரிக்க, மேஸ்திரி இன்ஸ்பெக்டர் காலைப் பிடித்து, வடக்கே திண்டிவனத்துக்குக் கிட்டே ஒரு லெவல் கிராசிங்கில் அப்பாவை கேட் கீப்பராகப் போட வைத்தார். பாதையில் நடக்கிற வேலை அதோடு போயிற்று. கேட்டுக்குப் பக்கத்திலேயே வீடு. மணி அடித்தால் அம்மாவுக்குக் கேட்கும். அவள் கையைக் காட்டுவாள், அப்பா கேட்டை மூடுவார். வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை அப்படியே ஓடிற்று. அவருக்குக் காது எப்போது போயிற்று என்று கடைசிவரை ரயில்வேக்குத் தெரியாது. வயசானால் எல்லாருக்கும் போவதுதானே என்று விட்டுவிட்டார்கள்.

பேரணிக்காரி மட்டும் எங்களை விடவில்லை. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் தனியாகக் கூப்பிட்டு அவளைப் பற்றி விசாரித்தார்கள். அம்மா மறுக்கவில்லை. "அதெல்லாம் பழைய கதங்க" என்று மட்டும் சொன்னாள். ஓய்வு பெற்ற பிறகாவது சொல்லக்கூடாதா என்று ஒரு நாள் கேட்டேன். வாங்குகிற பென்ஷனை நிறுத்திவிட்டால் என்ன செய்வது என்றாள். அந்தப் பயம் அவளை விட்டுப் போகவே இல்லை.

அப்பா திண்டிவனத்தில், வீட்டில், பாயில்தான் போனார். வண்டியில் அடிபடாமல் போனாரே என்று என் மனசில் முதலில் தோன்றியது அதுதான். மேஸ்திரியை முன்பே பறிகொடுத்திருந்த பெரியம்மா சேதி கேட்டு, முதுகு கூனி, யாரோ பேரன் கையைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். அப்பாவின் முகத்தைக்கூடப் பார்க்காமல் நேராகப் போய் வாசல்படியில் குறுக்கே உட்கார்ந்துகொண்டாள். யார் வந்தாலும் நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தாள். உள்ளே வரச் சொல்லி அம்மா கூப்பிட்டாள்.

"நீ நல்லா அழு. நான் இங்கியே கீறேன்," என்றாள் பெரியம்மா. "அந்தப் பேரணிக்காரி வந்தான்னா காலு உள்ள வெக்க உட மாட்டேன்."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எழுந்து வாசலுக்குப் போய்ப் பெரியம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வந்தா உள்ள உடுக்கா," என்றாள். "அவ ஒருத்தி இல்லாங்காட்டி நாங்க எப்பவோ தெருவுல நின்னுருப்போம்."

பெரியம்மா அம்மாவையே பார்த்தாள். அப்பாவுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு என் அம்மாவுக்காக அழ ஆரம்பித்தாள்.